சூப் இல்லாத கல்யாணம்

போன மாதம், ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லி மணி அடிச்சா, சர்வீஸ்ல இருக்கறவங்க முதல்ல என்ன செய்யணும்?"

எந்தக் கதவு, எந்தப் படிக்கட்டு, யார் கடைசியில் வர வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. மணி நின்று, ஒன்றுமில்லை என்று சொல்லி, எல்லாரும் உள்ளே திரும்பி வருவார்கள் பாருங்கள், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் வராது. எனக்கு அது ஒரு கல்யாணத்தில் வந்தது. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மொன்றியலுக்கு வந்தபோது உலகக் கண்காட்சி முடியும் தறுவாயில் இருந்தது. என் கணவர் பொறியாளர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் வேலை. காலையில் மெட்ரோ பிடித்து ஆற்றுக்கடியில் போய்விடுவார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. சுவரோரத்தில் ரேடியேட்டர் நாள் முழுக்க உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன். மெட்ராஸில் ஹோம் சயின்ஸ் படித்துவிட்டு வந்தவள். அங்கே கல்லூரி, பஸ், கூட்டம், சத்தம் என்று இருந்தவளுக்குப் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு குளிர்காலம் அப்படிப் போயிற்று. இரண்டாவது குளிர்காலம் வருவதற்குள், பேப்பரில் விளம்பரம் பார்த்து, டவுன்டவுனில் ஒரு பழைய ஹோட்டலுக்குள் இருந்த யூத ரெஸ்டாரண்டுக்கு வேலை கேட்டுப் போனேன்.

கல் கட்டடம், சுழலும் கதவு, பித்தளைக் கைப்பிடி. ரெஸ்டாரண்ட் தரைத்தளத்தில் பின்பக்கம். ஹோட்டலிடம் இடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். சமையலறை தனி, சாவியும் தனி. முதலாளி என் புடவையை மேலும் கீழும் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னு சொல்லத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கூட்டுக் குடும்பத்துலேருந்து வர்றேன்" என்றேன். டைனிங் ரூமைப் பார்த்துக்கொள்ள அன்றே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம், பிரெஞ்சு, யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ். என் வாயில் வரும்போது மெட்ராஸ் தமிழாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோஷர் என்ற யூத உணவு விதி என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. முதல் நாள் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை வாசலில் ஒல்லியாக, தாடி வைத்த ஒருவர் குறுக்கே வந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. டப்பாவைக் காட்டி, "அது என்ன வெள்ளையா?" என்றார்.

"தயிர்சாதம்."

"பாலா?"

"பால்லேருந்து வர்றது."

பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார். "வெளியே. தயவுசெய்து வெளியே கொண்டுபோங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா வீட்டில் மடி, தீட்டு என்று தள்ளி நிறுத்தப்பட்டவள்தான் நான். இவ்வளவு கடல் தாண்டி வந்தும் ஒருவர் தள்ளிப் போ என்று சொல்லிவிட்டாரே என்று இருந்தது. பிறகு முதலாளி விளக்கினார். இறைச்சியும் பாலும் அவர்களுக்குச் சேரக் கூடாது. எங்களுடையது இறைச்சிச் சமையலறை என்பதால் பால், வெண்ணெய், தயிர் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அதைக் கவனிக்க மதச் சபை நியமித்த கண்காணிப்பாளர்தான் அந்தத் தாடிக்காரர். காலையில் அடுப்பைப் பற்றவைப்பது முதல் கடைசியில் பூட்டுவது வரை அவர் கண்ணெதிரே நடக்க வேண்டும். அவர் பார்வையில்லாமல் சமையலறை திறந்து கிடந்தால், உள்ளே இருக்கும் சாப்பாட்டை நம்பி வந்தவர்களுக்குப் பரிமாற முடியாது. ரெஸ்டாரண்டே அந்த ஒருவரின் வார்த்தையில் நின்றது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் நிற்க மாட்டார். கீரைக் கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் புழு தேடுவார், உடனே கதவுக்கு ஓடுவார், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்த்ததை மறந்து மறுபடி ஓடுவார். என் டைனிங் ரூமுக்குள் நுழைந்து விருந்தாளியின் கைப்பையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார், அதற்குள் சாக்லேட் இருக்குமோ என்று. இதைப் பற்றி ஒரு நாள் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.

தயிர்சாதத்துக்கு இடம் தேடிப் போய்த்தான் தவமணி அக்காவைக் கண்டுபிடித்தேன். ஹோட்டலின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். ஊரிலிருந்த நாளிலேயே கான்வென்டில் பிரெஞ்சு படித்தவர். அந்தக் காலத்தில் இந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம். கதவோரத்தில் டப்பாவுடன் நின்ற என்னைப் பார்த்து, "ஏன் நிக்கிறீர்? இஞ்ச வந்து இருந்து சாப்பிடும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். தலையில் ஹெட்போன், ஒரு கையால் இணைப்பைச் செருகுவார், மறு கையால் என் ஊறுகாயை எடுப்பார்.

நான் சைவம். அங்கே வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும் ஒரு ஸ்பூன் ருசி பார்த்ததில்லை. சாப்பாடு எப்படி இருக்கிறது என்பதைத் திரும்பி வரும் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சூப்புக் கிண்ணத்தில் ரொட்டியால் துடைத்த தடம் இருந்தால் நன்றாக இருக்கிறது. கேரட் துண்டு மட்டும் மிஞ்சினால் வேகவில்லை. மாட்டிறைச்சியைச் சுற்றி வட்டமாக வெட்டிவிட்டு நடுப்பாகத்தை விட்டிருந்தால் சமையல்காரரிடம் போய்ப் பேச வேண்டிய நேரம்.

ஊர் அப்போது சரியாக இல்லை. பிரெஞ்சு பேசுபவர்களுக்குத் தனி நாடு கேட்டவர்கள் தபால் பெட்டிகளில் குண்டு வைத்த காலம். போன் செய்து குண்டு வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எது எதுவென்று யாருக்கும் தெரியாது. எழுபதாம் வருஷ அக்டோபரில் ஆள் கடத்தலும் கொலையும் நடந்து, ராணுவம் தெருவுக்கு வந்துவிட்டது. நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்பான். பழக்கமான முகங்கள் பேச்சோடு பேச்சாக டொரண்டோவில் வீட்டு விலை என்னவென்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேசையில் உட்கார்ந்தவர்கள் கதவைப் பார்த்த நாற்காலியாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்கள்.

அந்த நவம்பரில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கல்யாணம்.

பெண்ணின் அப்பா ரோமத் தோலில் கோட்டு தைக்கும் சிறு பட்டறை வைத்திருந்தார். போலந்தில் பெரிய குடும்பம். போருக்குப் பிறகு மிஞ்சியது அவரும் அவருடைய அக்காவும் மட்டும். ஒரே மகள். கல்யாணத்துக்கு முன்னால் வாராவாரம் வந்து உட்கார்ந்து கோழி சூப்பை ருசி பார்ப்பார். கேரட்டை வட்டமாக நறுக்க வேண்டும் என்பார். அடுத்த வாரம், இன்னும் மெல்லிய வட்டம் என்பார். "எங்கம்மா கல்யாணச் சூப் இது. அக்காவுக்கு நினைவிருக்கு, எனக்கு வாசனை மட்டும்தான் ஞாபகம்" என்றார். வேறு எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. பூ, மேசைத்துணி, பாட்டு எல்லாம் "உங்க இஷ்டம்".

அன்று காலையில் என் கணவர், "இன்னிக்குப் போயே ஆகணுமா? டவுன்டவுன் முழுக்க ஆர்மி நிக்குது" என்றார்.

"கல்யாணம் இருக்கே."

"உங்க வீட்டுக் கல்யாணமா?"

பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலாளி ஊரில் இல்லை, அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். டைனிங் ரூம் என் பொறுப்பு, சமையலறை கண்காணிப்பாளர் பொறுப்பு.

பிற்பகல். மேலே பெரிய ஹாலில் சடங்கு முடிந்து, அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை காலால் கண்ணாடிக் கோப்பையை உடைத்து, எல்லாரும் கைதட்டும் சத்தம் கீழே வரை கேட்டது. சூப் தயார், இறைச்சி அடுப்பில். அப்போதுதான் சுவரிலிருந்த போன் அடித்தது.

"மைதிலி, பதறாமல் கேளும்" என்றார் தவமணி அக்கா. அவர் குரல்தான் பதறியது. "ஒருத்தன் போன் எடுத்தவன். பிரெஞ்சில கதைச்சவன். கட்டிடத்துக்குள்ள குண்டு கிடக்காம். பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். சனத்தை எல்லாம் வெளியால அனுப்பச் சொல்லி மேனேஜர் சொல்லுறார்."

"நீங்க?"

"லைன் எல்லாம் அடிச்சுக்கொண்டு கிடக்கு. பேந்து வாறன். நீர் போம்!"

விருந்தாளிகளை இறக்கினோம். சடங்கு முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் சிறிது நேரம் தனியறையில் இருப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கதவைத் தட்டும் பாக்கியம் எனக்கு. எதிர்க் கட்டடத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் போலீசாரோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள். பூட்ஸ் சத்தம். "வெளியே, வெளியே, சீக்கிரம்!" என்று பிரெஞ்சில் கத்தினார்கள். நல்ல எண்ணத்தில்தான் கத்தினார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சீருடைக்காரன் கத்துவதை வேறு ஊரில், வேறு மொழியில் கேட்டவர்கள். அவர்கள் முகங்களை நான் பார்த்தேன்.

கோட்டுகளை வைக்கும் அறைப்பக்கம் ஓடினேன், கைக்கு அகப்பட்டதை எடுத்து வெளியே வீசலாமென்று. உள்ளே கோட்டுகளுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. விலக்கிப் பார்த்தால் பெண்ணின் அத்தை, அப்பாவோடு மிஞ்சிய அந்த அக்கா. நீலப் பட்டுக் கவுன், கழுத்தில் முத்துமாலை. சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தேன். கட்டையாக இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் வாய் மட்டும் யிட்டிஷில் எதையோ திரும்பத் திரும்ப முணுமுணுத்தது.

எனக்கு யிட்டிஷ் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் தெருவில். பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரே ஆள் கண்காணிப்பாளர். ஓடினேன்.

அவர் சமையலறை வாசலில் சாவியும் கையுமாக நின்றார். சமையல்காரர்கள் பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தார்கள். குளிர் அறையைப் பூட்டிவிட்டார். அடுப்பை அணைக்க வேண்டும், பின்கதவுக்குத் தாழ் போட வேண்டும், முன்கதவைப் பூட்ட வேண்டும். சில நிமிட வேலை.

"கோட்டு ரூம்ல பொண்ணோட அத்தை ஒளிஞ்சிருக்காங்க. நான் பேசறது அவங்களுக்குப் போய்ச் சேரல. நீங்க வரணும்."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடைபாதையின் மறுமுனையில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு அறையாகத் திறந்து வந்துகொண்டிருந்தார்கள். இங்கே வந்துவிட்டால் உள்ளே போக விட மாட்டார்கள்.

"நான் பூட்டறேன், சாவியைக் குடுங்க" என்றேன்.

"அது செல்லாது" என்றார். சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினார். தினமும் கதவை இழுத்து இழுத்துப் பார்த்த அந்த மனிதர் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார்.

கோட்டு அறைக்குள் மண்டியிட்டார். தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக அந்தக் கோட்டு மலைக்கு அடியில் நுழைந்து அத்தை பக்கத்திலேயே குந்திக்கொண்டார். வெளியே வாங்க என்று அவர் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஏதோ ஊர்க் கதை பேசுகிற மாதிரி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் வந்து கவுண்டரில் தட்டினான். பால் வடியும் முகம். தோளில் துப்பாக்கி. "மேடம், வெளியே!"

அவனுக்கும் அறைக்கும் நடுவில் நின்றேன். என் பிரெஞ்சு மார்க்கெட்டில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான். "உள்ள ஒரு வயசான அம்மா. உங்க துணியைப் பார்த்துத்தான் பயப்படறாங்க. கத்தாதீங்க. கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றேன். புரிந்ததோ இல்லையோ, என் சேலையையும் என் முகத்தையும் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கட்டடத்துக்குள் குண்டு இருக்கிறது என்று நம்பி உள்ளே வந்த பையன் அவன். 

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அத்தை கண்காணிப்பாளரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய கறுப்புக் கோட்டைத் தலையோடு போர்த்தியிருந்தார். மூவரும் சுழற்கதவைத் தாண்டினோம்.

தெருவில் பனிச்சேறு. மெல்லிய உடுப்பில் நின்ற கூட்டத்தை எதிரிலிருந்த டாவர்ன்காரர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். அந்தக் காலத்தில் டாவர்ன் என்ற பியர்க்கடைக்குள் பெண்களை விடவே மாட்டார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் முக்காட்டோடு கல்யாணப் பெண் நுழைவதைப் பார்த்து நாற்காலியை இழுத்துவிட்டு எழுந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அங்கே எதையும் வாயில் வைக்கவில்லை. நின்று நின்று கதகதப்பானோம், அவ்வளவுதான். தவமணி அக்கா கடைசியில் வந்து என் பக்கத்தில் நின்றார். ஹெட்போனைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டிருந்தார்.

குண்டு எதுவும் இல்லை. போகலாம் என்றார்கள்.

பந்திக்கு மேசை சரிபார்க்க வேண்டுமே என்று எல்லாருக்கும் முன்னால் நான் ஓடினேன். கண்காணிப்பாளர் இன்னும் அத்தையோடு எதிர்ச்சாரியில் இருந்தார். சமையலறைக் கதவு நாங்கள் விட்ட மாதிரியே திறந்திருந்தது. உள்ளே சூப்புப் பானையின் மூடி தரையில் சாய்ந்து கிடந்தது. அடுப்புக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. தேடியவர்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். பானைக்குப் பக்கத்தில், மேசைமேல், ஹோட்டல் முத்திரை போட்ட ஒரு கப். பாதி குடித்த காபி. பால் கலந்தது, தேடியவர்களில் யாரோ கையோடு கொண்டுவந்தது. கரண்டி ஒன்று அதன் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது. அது எங்கள் கரண்டி.

என் பின்னால் ஹோட்டல் மேனேஜர் வந்து நின்றார். அவரும் கப்பைப் பார்த்தார். நான் ஏன் அசையாமல் நிற்கிறேன் என்று புரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை. அந்த ஹோட்டலில் ரொம்ப நாள் இருந்தவர்.

"எடுத்துடுங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"மேல இருநூறு பேருக்கு மேல பசியோட இருக்காங்க. தெருவுல நடுங்கிட்டு வந்திருக்காங்க. ஒரு கப் காபி. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க யூதரும் இல்லை, நானும் இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவர் சொன்னதில் இரக்கம்தான் அதிகம். எனக்கும் கை நீண்டது. அந்தக் கப்பை எடுத்துக் கழுவித் தொட்டியில் போட ஒரு நொடி போதும். பெண்ணின் அப்பாவுக்கு அவர் அம்மாவின் சூப் கிடைக்கும். கதவைத் திறந்துபோட்டுப் போனதற்காகக் கண்காணிப்பாளரின் வேலை போகாது. என் பேச்சைக் கேட்டுத்தானே அவர் வந்தார். கழுவினால் எல்லாருக்கும் நல்லது, ஒருவருக்கும் தெரியாது.

அப்போது எனக்கு வந்த நினைப்பு பெரிய தர்மம் எதுவும் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு சின்னக் கடையில் பட்டாணி சூப் கேட்டேன். "கறி இருக்கா?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்றாள் பரிமாறின பெண். பாதி குடித்தபிறகு பல்லில் பன்றி இறைச்சி கடிபட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவள், "அது ருசிக்குப் போடறது, கறியா அது?" என்றாள். அவளுக்கு என்மேல் பகையா என்ன? நான் பசியோடு போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பாள். அன்றிலிருந்து இந்த ஊரில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் எனக்கு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

"சார், இது நம்ம வயித்துக்குப் போறதில்லை" என்றேன். கப்பைத் தொடாமல் அங்கேயே நின்றேன். கண்காணிப்பாளர் வரும்வரை வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

அவர் வந்தார். கப்பைக் காட்டினேன். முகத்தில் ரத்தமே இல்லை. கரண்டி எங்கே கிடந்தது, மூடி எப்படிக் கிடந்தது, குளிர் அறைப் பூட்டு அப்படியே இருக்கிறதா என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். தவமணி அக்கா எக்ஸ்சேஞ்சில் இருந்து அவர்களுடைய மதகுரு ராபைக்கு லைன் போட்டுக் கொடுத்தார். அவர்கள் சட்டத்தின் நுணுக்கங்கள் எனக்குத் தெரியாது. எனக்கு வந்து சேர்ந்த முடிவு: திறந்து கிடந்தது எதையும் பரிமாறக் கூடாது. குளிர் அறையில் பூட்டியிருந்ததும், சீல் உடைக்காத பாட்டிலும் டின்னும், முழுப் பழமும் பரவாயில்லை.

"அப்பாகிட்ட யார் சொல்றது?" என்றேன்.

"நான்" என்றார்.

கூடப் போனேன். பெண்ணின் அப்பா படிக்கட்டின் அடியில் நின்று பனிச்சேறு பட்ட காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். கண்காணிப்பாளர் சொல்லி முடித்தார். பெண்ணின் அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"கதவை யார் திறந்து போட்டது?"

"நான்."

"அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்! பூட்டறதுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்குப் பூட்டத் தெரியல. ஏன் பூட்டல?"

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏன் என்று சொன்னால், மகள் கல்யாணத்தன்று, இத்தனை பேர் நடுவில், அக்கா கோட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தாள் என்று தம்பிக்குச் சொல்ல வேண்டும். அவர் தலையைக் குனிந்து திட்டை வாங்கிக்கொண்டு நின்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் இத்தனை வருஷ வேலையில் அதைவிடக் கஷ்டப்பட்டு நான் மௌனமாக இருந்ததில்லை.

திட்டை நிறுத்தியது அத்தைதான். இன்னும் அந்தக் கறுப்புக் கோட்டைப் போர்த்தியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தம்பியின் கையைப் பிடித்து யிட்டிஷில் நாலு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் சொன்னார். தம்பி அவர் தோளில் கிடந்த கோட்டைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு நிற்பதைப் பார்த்தார். பிழிந்துகொண்டிருந்த காலுறை கையிலேயே இருந்தது.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்தில் பேசினார். அவர் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம்.

"ஒரு தடவை சிப்பாய்ங்க வந்து வெளியே வாங்கன்னாங்க. எங்க வீட்டுல எல்லாரும் வெளியே போனோம். திரும்பி உள்ள வந்தது நானும் எங்கக்காவும் மட்டும். இன்னிக்கும் சிப்பாய்ங்க வெளியே வாங்கன்னாங்க. எல்லாரும் வெளியே போனோம். எண்ணிப் பார்த்துட்டேன், எல்லாரும் உள்ள வந்துட்டோம். சூப் இல்லை. அவ்வளவுதான் விஷயம். உட்காருங்க."

நல்ல மேசைத்துணி, வெள்ளிக் கரண்டி, பெயர் எழுதிய அட்டை. அதன்மேல் நாங்கள் பரிமாறியது குளிர் அறையில் பூட்டியிருந்த பின்னல் ரொட்டியும், ஊறுகாய் வெள்ளரியும், ஹெரிங் மீனும், டின் மத்தியும், தோல் சீவாத ஆப்பிளும். டின்னைத் திறக்க ஆள் போதாமல் மாப்பிள்ளையின் தோழர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு மத்தியை முள்கரண்டியில் குத்தி உயர்த்திக் காட்டிவிட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கு அவர்கள் ஆடின ஆட்டத்தில் மேலேயிருந்த சரவிளக்கு குலுங்கியது. திரும்பி வந்த தட்டுகளில் ஆப்பிள் காம்பு தவிர ஒன்றும் இல்லை. சூப்பைக் கீழே ஊற்றும்போது கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தார். மெல்லிய வட்டக் கேரட்டுகள் எல்லாம் அதோடு போயின.

எல்லாம் அத்தோடு சுபமாக முடிந்துவிடவில்லை. முதலாளி திரும்பி வந்து என்னோடு சில நாள் பேசவில்லை. மதச் சபை கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு விசாரித்தது. சமையலறையைத் திறந்துபோட்டுப் போனவரை அப்படியே விட முடியாது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர் இடத்தில் ஒரு கிழவர் வந்தார். அமைதியானவர், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், கதவுப் பக்கம் போகவே மாட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கதவை இழுத்து இழுத்துப் பார்க்கும் வேலையை நானே செய்ய ஆரம்பித்தேன். அத்தை சபைக்குப் போய்ப் பேசினார் என்று தவமணி அக்கா சொன்னார். "என்ன கதைச்சவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா மனிசி உள்ள போய் வெளியால வர நல்லா நேரம் எடுத்ததாம்." பனி உருகும் சமயம் கண்காணிப்பாளர் வேலைக்குத் திரும்பினார். முதல் காரியமாக என் டிபன் பாக்ஸைச் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு அவரை அப்போதும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் போடும் சண்டைகளுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தேன்.

அத்தை அதன்பிறகு எங்கள் வாடிக்கையாகிவிட்டார். வாரத்தில் ஒரு மதியம், ஜன்னலோர மேசை. சூப் கொண்டுபோய் வைத்தால் கண்காணிப்பாளரைத் தேட மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் கரண்டியை எடுப்பார்.

இரண்டு குளிர்காலம் கழித்து, ஒரு நல்ல கூட்ட நேரத்தில், மறுபடியும் சுவர்ப் போன் அடித்தது. மறுபடியும் தவமணி அக்காவின் குரல். மறுபடியும் பூட்ஸ் சத்தம், கத்தல். இந்தத் தடவை போலீஸ் மட்டும். நான் முதலில் பார்த்தது ஜன்னலோர மேசையை. கண்காணிப்பாளரும் சமையலறைக் கதவை விட்டுவிட்டு அந்த மேசைக்குத்தான் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அத்தை எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டார். கைப்பையை எடுத்தார். என் முழங்கையில் தன் கையைக் கோத்துக்கொண்டு, ஓடி வந்தவரிடம் யிட்டிஷில் அதட்டலாக ஏதோ சொன்னார். அவர் பாதி வழியில் அப்படியே நின்று, திரும்பி ஓடினார்.

தெருவுக்கு வந்தபிறகு, என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"நான் இவளோட போறேன், நீ போய்க் கதவைப் பூட்டுன்னேன்" என்றார்.